ஒரு பெயருக்கு வேண்டிய காற்று

கீபோர்டு வாசிக்கிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் என் மேல் ஒரு குறை உண்டு. எனக்குத் தெரியும். "எஸ்தரக்கா வந்தா ரெடிமேடு டோன் எதையும் போட விடமாட்டாங்க, வெறும் சத்தத்துல இருந்து தொடங்கச் சொல்லி உயிர எடுப்பாங்க" என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்கிறீர்கள். பேசுங்கள். விரல் மூட்டு வீங்கி நான் மேடையை விட்டு இறங்கிய பிறகும் ஒத்திகைக்குக் கூப்பிடுகிறீர்களே, அது போதும்.

போன வாரம் தென்காசி ஒத்திகையில் ஒரு தங்கை கேட்டாள்: "அக்கா, ஃபில்டர எவ்ளோ மூடணும்? ஒரு நம்பர் சொல்லுங்க, எழுதி வச்சுக்கிடுதேன்." சத்தத்தின் கூர்மையை வெட்டுகிற அந்த ஃபில்டருக்கு எனக்கு நம்பர் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது முருகையா அண்ணாச்சி மகள் கல்யாணம்தான் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்கிறேன். நம்பர் மட்டும் கிடைக்காது.

முருகையா அண்ணாச்சி எங்கள் குழுவின் பாடகர். பாட்டை விடப் பேச்சில் பெரிய ஆள். கோயில் கொடைக் கச்சேரியில் கரண்ட் போனால் நாங்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். அவர் மைக் இல்லாமலே மேடை ஓரத்துக்கு வந்து, முன்வரிசையில் இருக்கிற யாரையாவது வம்புக்கு இழுத்து, கரண்ட் வருகிறவரை ஒருவரையும் எழுந்துபோக விடமாட்டார். வீடு குற்றாலத்தில். சீசனில் அருவிக் குளியலை முடித்துவிட்டு ஈரத் தலையோடு ஒத்திகைக்கு வருவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சு தொடங்கிவிடும்.

அப்படிப்பட்டவருக்குத் தொண்டையில் புற்று வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை போட்டு, மூச்சை அதன் வழியாக விட்டுவிட்டார்கள். உதடு, நாக்கு, பல் எல்லாம் பழையபடி இருந்தன. ஆனால் நுரையீரல் காற்று வாய்க்கு வராது. வாயை அசைத்தால் சத்தம் இல்லை. துளையில் தண்ணீர் புகுந்தால் உயிருக்கு ஆபத்து என்பதால் அருவிப் பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாது. குற்றாலத்தில் குடியிருந்துகொண்டு!

ஆஸ்பத்திரியில் கழுத்தில் அழுத்திவைத்துப் பேசுகிற பேட்டரிக் கருவி ஒன்று கொடுத்திருந்தார்கள். பலர் அதை வைத்து நன்றாகவே பேசுகிறார்கள். அண்ணாச்சி அதை வைத்து ஒரே ஒரு முறை கடையில் டீ கேட்டார். கடைக்காரர் திடுக்கிட்டுக் கிளாசைக் கீழே போட்டுவிட்டார். அன்றோடு கருவி பீரோவுக்குள் போனது. பிறகு எல்லாம் போனில் தட்டிக் காட்டுவதுதான்.

இரண்டாவது மகள் கோமதிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவள் நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"எஸ்தரக்கா, மாப்பிள்ள வீட்டுல எல்லாரும் பேசுவாங்க. எங்க சைடுல மாமா பேசுவாரு. எங்கப்பா மட்டும் பொம்ம மாதிரி நிக்கணுமா? மேடையில எங்கப்பா வாயால வாழ்த்தணும்."

"அதுக்கு நான் என்னட்டி செய்ய?"

"ரயில் சத்தம் உண்டாக்குதீங்க, இடிச் சத்தம் உண்டாக்குதீங்க. எங்கப்பாவுக்கு ஒரு சத்தம் உண்டாக்கித் தாங்க."

முடியும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்று முழுவதும் அவள் கேட்டது மண்டையைக் குடைந்தது. குரல் என்றால் என்ன? தொண்டை ஒரு கரடுமுரடான ரீங்காரத்தை உண்டாக்குகிறது. அதில் எது வேண்டும், எது வேண்டாம் என்று வாய் செதுக்குகிறது. 'ஆ'வுக்கு ஒரு திறப்பு, 'ஈ'க்கு ஒரு இறுக்கம். நம் சிந்தசைசரிலும் அதேதான்: சா வேவ் என்கிற ரம்பப் பல் மாதிரியான மொட்டைச் சத்தம் தொண்டை, ஃபில்டர் வாய். அண்ணாச்சியிடம் ஃபில்டர் பழுதில்லாமல் இருக்கிறது. இல்லாதது மொட்டைச் சத்தம் ஒன்றுதான். அதை நான் கொடுத்தால்?

மருத்துவரைப் பார்த்துக் கேட்டோம். சத்தத்தைக் குறைவாக வைக்க வேண்டும், குழாய் சுத்தமாக இருக்க வேண்டும், இருமல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்று சொல்லிச் சம்மதித்தார். கொடைக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் இருக்கிறதல்லவா, அதன் புனலைக் கழற்றினால் பின்னால் கனமான யூனிட் ஒன்று இருக்கும். அந்த வாயில் ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தி, யூனிட்டைப் பெரிய ஹாட்பேக் ஒன்றுக்குள் தலையணைப் பஞ்சு அடைத்துப் புதைத்தேன். இப்போது நான் கீபோர்டில் கட்டையை அழுத்தினால் சத்தம் வெளியே வராது. குழாய் வழியாக அண்ணாச்சியின் வாய்க்குள் போகும். அவர் வாயை அசைக்க வேண்டும். எதிரே உள்ள மைக் அதைப் பிடித்துக்கொள்ளும்.

முதல் நாள் அவர் வீட்டில் வைத்துப் பார்த்தோம். காதுக்கு இதமாக இருக்கட்டும் என்று ஃபில்டரை நன்றாக மூடி, கூர்மையை எல்லாம் வெட்டிவிட்டேன். நல்ல கனத்த ஆண்குரல் மாதிரிதான் வந்தது. ஆனால் ஒரு வார்த்தை புரியவில்லை. அண்ணாச்சி குழாயை எடுத்துவிட்டுப் போனில் தட்டிக் காட்டினார்: "மாடு அலறுத மாதிரி இருக்கு."

மனம் ஒப்பாமல் ஃபில்டரைத் திறந்துகொண்டே போனேன். சத்தம் தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி ஆனது. எனக்கே பல் கூசியது. அண்ணாச்சி குழாயைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு எதையோ சொன்னார். நான் கட்டையில் விரலை வைத்தபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து அவர் மனைவி பார்வதி மதினி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

அண்ணாச்சி "தண்ணி" என்றுதான் சொல்லியிருக்கிறார்.

மதினி செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். நான் ஃபில்டரைத் தொடவில்லை. கல்யாணம்வரை அது திறந்தபடியே இருந்தது. அழகாக இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால், சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். நம் தொழிலில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

பிறகு ஏற்ற இறக்கம். ஒரே சுருதியில் பேசினால் பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு மாதிரி ஆகிவிடும். அதனால் வலது கை கட்டையில், இடது கை சுருதியை வளைக்கிற சக்கரத்தில். அவர் புருவம் உயர்ந்தால் நானும் உயர்த்துவேன். தாடை தாழ்ந்தால் தாழ்த்துவேன். கேலி செய்யும்போது அவர் வார்த்தையின் கடைசியில் ஒரு சுழி சுழிப்பார். எத்தனையோ வருடம் பக்கத்தில் நின்று கேட்ட பேச்சு. என் இடது கைக்கு அது தெரிந்திருந்தது.

தகராறு 'ச'வில் வந்தது. பல்லிடுக்கில் காற்று சீறினால்தான் 'ச' பிறக்கும். அவருக்கோ வாயில் காற்று இல்லை. 'சாமி' என்றால் 'ஆமி' என்று கேட்டது. அந்தச் சீறலையும் நானே கொடுத்துப் பார்க்கலாம் என்று நாய்ஸ் என்கிற வெறும் இரைச்சலைச் சேர்த்தேன். சேர்த்தும் கேட்கவில்லை. காரணம், இரண்டையும் ஒரே ஃபில்டர் வழியாக வரிசையில் நிறுத்தியிருந்தேன். ரீங்காரத்துக்குப் போதுமான அளவு திறந்திருந்த ஃபில்டர், அதைவிடக் கூர்மையான சீறலைத் தின்றுவிட்டது. பாதையைப் பிரித்தேன். ரீங்காரம் ஒரு ஃபில்டர் வழியாக, சீறல் கனத்தை மட்டும் வெட்டுகிற இன்னொரு ஃபில்டர் வழியாக. இரண்டும் கடைசியில் குழாயில்தான் சேரும். 'சாமி' வந்துவிட்டது.

ஆனால் சீறலைத் திறக்கும் தள்ளுபொத்தானுக்கு மூன்றாவது கை வேண்டும். சக்கரத்தை விட்டுவிட்டு அதைத் தொட்டால் ஏற்ற இறக்கம் போய்விடும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் குழாய் பாம்பு மாதிரி சீறும். கல்யாணத்துக்குப் பேசியிருந்த மைக்செட்காரரும் ஒத்திகையைப் பார்த்துவிட்டு, "எக்கா, அந்த இரைச்சலத் தொறந்தீங்கன்னா ஸ்பீக்கர் ஊளையிட்டுரும். மண்டபத்துல ஒருத்தன் இருக்க மாட்டான்" என்றார்.

ஆகவே நானும் அண்ணாச்சியும் 'ச' இல்லாத ஒரு பேச்சைத் தயாரித்தோம். 'மனசு' என்பதை 'மனம்' ஆக்கினோம். 'எல்லாரும் சாப்பிட்டுப் போங்க' என்பது மட்டும் மடக்கியது. 'உண்டுட்டுப் போங்க' என்று நான் எழுதியதற்கு, "ராஜா வேசம் கட்டியா பேசப் போறேன்?" என்று போனில் தட்டினார். கடைசியில் 'இருந்து விருந்து முடிச்சுட்டுப் போங்க' என்று எழுதிவிட்டு, அதிலும் 'ச்' வருகிறதே என்று அடித்து, 'பந்தியில இருந்துட்டுப் போங்க' என்றாக்கினோம். சின்னப் பேச்சு. அவர் அதை மனப்பாடம் செய்தார். நானும் செய்தேன்.

இனி சங்கரபாண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்வதி மதினியின் தம்பி. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி வியாபாரி. அண்ணாச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டிலடியில் படுத்துக் கிடந்தவர். கோமதிக்கு வாசுதேவநல்லூரில் பெரிய இடத்துச் சம்பந்தம் பார்த்தவரும் அவர்தான். மாப்பிள்ளை ராணுவத்தில். மாப்பிள்ளையின் அப்பா போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வார்த்தை பேசினால் அடுத்த வார்த்தைக்கு நாம் காத்திருக்க வேண்டும்.

கல்யாணத்தன்று காலையில் மேடைக்குப் பக்கத்தில் நான் வயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது சங்கரபாண்டி வந்து குனிந்தார்.

"எஸ்தரக்கா, அத்தான் எழுதி வச்சத மட்டும் பேசட்டும். வேற ஒண்ணும் வேண்டாம். சரியா?"

"வேற என்ன பேசப் போறாரு?" என்றேன்.

அவர் கண்ணால் வாசலைக் காட்டினார். செருப்புகள் குவிந்து கிடந்த இடத்துக்கு அப்பால், சாரலுக்குக் குடையைப் பிடித்தபடி ஒரு பெண் நின்றாள். மூத்தவள் செல்வி.

செல்வி தென்காசியில் பள்ளி ஆசிரியர் ஒருவரை விரும்பிக் கட்டிக்கொண்டவள். அவர் வீடு வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் வீடு; அதிலும் நகை போடாத, பொட்டு வைக்காத சபை. அவளும் அந்தச் சபைக்கே போய்விட்டாள். அண்ணாச்சி அவளைத் தலைமுழுகிவிட்டார். "அவ பேரு இந்த வீட்டுல கேக்கக் கூடாது" என்று சொன்னவர் அவரேதான். ஊருக்கெல்லாம் பேசுகிற மனுஷன் சொந்த மகளிடம் பேசவில்லை. நோய் வந்து அவள் ஆஸ்பத்திரி அறை வாசலுக்கு வந்தபோதும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டாரிடம் மூத்த மகள் பம்பாயில் இருக்கிறாள், வர வசதிப்படவில்லை என்று சொல்லிவைத்திருந்தார்கள்.

"யாரு வரச் சொன்னா?" என்று கேட்டேன்.

"கோமதிதான் போன் போட்டிருக்கா, கழுத. தூரத்துல நின்னு பாத்துட்டுப் போயிருன்னு சொன்னாளாம்." சங்கரபாண்டி குரலை இன்னும் தாழ்த்தினார். "அத்தான் கண்ணுல அவ பட்டுட்டா. முகூர்த்தத்துக்கு முன்னாலயே பாத்துட்டாரு. நீங்களும் வேதக்காரங்க. நாளைக்கு ஒரு பேச்சு வந்துறக் கூடாது, பாத்துக்கிடுங்க."

நான் போகிற கோயில் வேறு, செல்வி போகிற சபை வேறு. அதை விளக்க அது நேரமில்லை. "சரி" என்று தலையாட்டினேன்.

தாலி கட்டி முடிந்தது. மாப்பிள்ளையின் அப்பா எழுந்து இரண்டொரு வார்த்தை பேசி உட்கார்ந்தார். சங்கரபாண்டி பேசினார். பிறகு அண்ணாச்சியை மைக்குக்குக் கூட்டிவந்தார்கள். புது வேட்டி சட்டை, கழுத்துத் துளையை மறைத்து ஒரு வெள்ளைத் துணி. மண்டபத்தின் பக்கவாட்டு திறந்தபடி இருந்ததால் காற்று சாரலை உள்ளே அடித்தது. அவர் ஒரு கையால் துணியைப் பொத்திக்கொண்டு மறு கையால் குழாயை வாங்கினார். கூட்டத்தில் சலசலப்பு. "என்னது, டியூப் மாட்டுதாங்க?" என்று யாரோ கேட்டது எனக்கே கேட்டது.

அவர் என்னைப் பார்த்தார். நான் கட்டையை அழுத்தினேன்.

"வந்தவங்க எல்லாருக்கும் வணக்கம்."

மண்டபம் அடங்கிவிட்டது. கரகரத்த குரல்தான், தகரக் குரல்தான்; ஆனால் 'வணக்கம்' என்பதை இழுத்து ஒரு சுழி சுழித்தார் பாருங்கள், என் இடது கை கூடவே போனது. பழைய ஆட்கள் சிலர் எழுந்தே நின்றுவிட்டார்கள். கோமதி மணவறையில் இருந்தபடி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த வரியின் நடுவில் அவருக்கு இருமல் வந்தது. கழுத்து வழியாக வருகிற இருமல். துணி விலுக்கென்று எழும்பியது. உடனே விரலை எடுத்தேன். மைக்கில் ஒன்றும் இல்லை. பார்வதி மதினி ஓடிவரப் பார்த்தார். அண்ணாச்சி வேண்டாம் என்று கை காட்டி, துணியைச் சரிசெய்து, மறுபடி என்னைப் பார்த்தார். அழுத்தினேன். "என் மக கோமதியையும் மாப்பிள்ளையையும் மனம் நெறைய வாழ்த்துங்க." இன்னும் ஒரு வரி பாக்கி. பந்தியில் இருந்துவிட்டுப் போகச் சொல்லும் வரி. முடிந்துவிடும், முடிந்துவிடும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவர் அந்த வரியைச் சொல்லவில்லை. வாசலைப் பார்த்தார்.

"எனக்கு ரெண்டு மக்க" என்றார்.

எழுதாத வார்த்தை. என் இடது கை தடுமாறியது. சுருதி ஒரு கணம் வழுக்கிப் பிறகு அவர் தாடையைப் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளையின் அப்பா தலையைத் திருப்பினார்.

"மூத்தவ அங்கன நிக்கா."

அடுத்து அவர் வாய் ஒரு பெயரைச் சொன்னது. பல் சேர்ந்து, உதடு விரிந்து, நாக்கு மேலே தொட்டு, மேல்பல் கீழுதட்டில் பட்டு. மைக்கில் வந்தது என்னவோ "எல்வி".

யாருக்கும் புரியவில்லை. முன்வரிசையில் ஒருவர், "என்ன சொல்லுதாரு?" என்று பக்கத்தில் கேட்டார். புரிந்துகொண்டவர் சங்கரபாண்டி. நாலு எட்டில் என் பக்கம் வந்துவிட்டார்.

"எக்கா, சத்தத்த நிப்பாட்டுங்க."

நான் கையை எடுக்கவில்லை.

"உங்களத்தான் சொல்லுதேன். மிசினு கெட்டுப்போச்சுன்னு சொல்லிருதேன். சின்னவ வாழ்க்கய நெனச்சுப் பாருங்க. இன்னும் தாலி ஈரம் காயல."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம். அவர் குரலில் அகங்காரம் இல்லை, பயம்தான் இருந்தது. மணமேடையில் கோமதி என்னையே பார்த்தாள். வேண்டும் என்கிறாளா வேண்டாம் என்கிறாளா என்று அவள் கண்ணைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை.

அண்ணாச்சி மறுபடி அந்தப் பெயரைச் சொன்னார். மறுபடி "எல்வி". அவருக்கே காதில் விழுந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை அது. மேடையில் தாளம் விட்டுப்போனால் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

தம்பிகளே, அப்போது எனக்கு மூன்று வழிகள் இருந்தன. விரலை எடுத்தால் அவர் ஊமை. எடுக்காமல் சும்மா இருந்தாலே போதும். வார்த்தை உடைந்துபோகும், ஒருவருக்கும் புரியாது, கல்யாணமும் நடக்கும், நான் யாரையும் தடுத்ததாகவும் ஆகாது. மூன்றாவது வழி, சீறலைத் திறப்பது. அந்த இரண்டாவது வழி எவ்வளவு சுகமாக இருந்தது என்று உங்களிடம் சொல்ல வேண்டும். கருவியின் மேல் பழியைப் போடுவது நம் தொழிலில் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

ஆனால் இந்த மனுஷன் நல்ல குரலோடு இருந்த காலத்தில் அந்தப் பெயரைச் சொல்ல மறுத்தவர். இன்று இரவல் குரலில் அதைச் சொல்ல வருகிறார். அது சரியா தப்பா, யாருக்கு என்ன நஷ்டம் என்பதெல்லாம் அவர் வாயின் பொறுப்பு. கோமதி என்னிடம் கேட்டது ஒரு சத்தம். அதில் எந்தெந்த வார்த்தை வரலாம் என்று தீர்மானிக்க யாரும் என்னைக் கேட்கவில்லை. காற்றைக் கொடுக்கிறேன் என்று வந்துவிட்டு, ஒரு பெயருக்கு மட்டும் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

"சங்கரபாண்டி, தள்ளி நில்லுங்க" என்றேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

இடது கையைச் சக்கரத்திலிருந்து எடுத்தேன். ஏற்ற இறக்கம் போகட்டும். தள்ளுபொத்தானில் விரலை வைத்தேன். மைக்செட்காரர் தன் மிக்சர் மேல் கவிழ்ந்து வால்யூமைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். அண்ணாச்சியின் பல் சேர்வதற்காகக் காத்திருந்தேன். சேர்ந்தது. தள்ளினேன். ஸ்பீக்கர் ஓரத்தில் மெல்லிய ஊளை கிளம்பியது, உடனே இழுத்தேன்.

"செல்வி."

தட்டையாக, ஒரே சுருதியில், தகரம் மாதிரி. ஆனால் செல்வி.

"ஏட்டி செல்வி. உள்ள வா."

இரண்டாவது முறையும் 'செ' வந்தது. எப்படி வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒத்திகையில் பாதிக்குப் பாதி தவறிய இடம்.

மண்டபமே வாசல் பக்கம் திரும்பியது. செல்வி குடையை மடக்கக்கூட இல்லை. திறந்தபடி கீழே போட்டுவிட்டு அங்கேயே நின்றாள். மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார்.

"யாரும்மா அது?" கோமதியைத்தான் கேட்டார்.

"எங்கக்கா, மாமா" என்றாள் கோமதி. "பம்பாய்ல இல்ல. தென்காசியிலதான் இருக்கா."

அவர் சங்கரபாண்டியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சங்கரபாண்டி தலைகுனிந்து நின்றார். பிறகு மாப்பிள்ளையின் அப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு மேடையை விட்டு இறங்கி, பக்கவாசல் வழியாக வெளியே போய்விட்டார். அவர் பின்னால் ஒரு வரிசை நாற்காலி காலியானது. கேட்டது நாற்காலிகள் இழுபடும் சத்தம் மட்டும்தான்.

மாப்பிள்ளை மாலையோடு எழுந்தார். அவரும் அப்பா பின்னால் போகப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் மேடை விளிம்புவரை வந்து நின்று அப்பா போன வாசலைப் பார்த்தார். பிறகு முன்வாசலைப் பார்த்தார்.

"வாங்க மதினி. சாரல்ல நிக்காதிய" என்றார்.

செல்வி நடந்து வந்தாள். முன்வரிசைக்கு வந்ததும் கால் பின்னிக்கொண்டது; பார்வதி மதினி இறங்கிப் போய்க் கையைப் பிடித்து ஏற்றினார். அண்ணாச்சி வாயிலிருந்து குழாயை எடுத்துவிட்டார். நான் கட்டையை விட மறந்துவிட்டேன். வாய் இல்லாத அந்த மொட்டைச் சத்தம் மைக்கில் கோரமாக ரீங்கரித்தது. சட்டென்று விரலை எடுத்தேன்.

சத்தம் நின்ற பிறகும் அண்ணாச்சி மகள் முகத்துக்கு நேராக வாயை அசைத்துக்கொண்டிருந்தார். வெறும் உதடு. பலர் என்னைப் பார்த்தார்கள், சத்தம் கொடுக்கட்டும் என்று. நான் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மாப்பிள்ளையின் அப்பா மறுவீட்டுக்கு வரவில்லை. கோமதி அந்த வீட்டில் முதல் வருடம் பட்ட பாட்டை அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்கும்போது நான் தரையைத்தான் பார்த்தேன். மாப்பிள்ளை அவளோடு உறுதியாக நின்றார், பேரன் பிறந்த பிறகு தாத்தா தானாக வந்தார். சங்கரபாண்டி என்னோடு பேசுவதில்லை. பாவூர்சத்திரம் பக்கம் எங்கள் குழுவுக்குக் கச்சேரிகள் குறைந்தன. அவருக்கு என்மேல் இருக்கிற கோபத்தை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். அவர் காப்பாற்ற நினைத்ததும் ஒரு பெண்ணைத்தான்.

ஃபில்டரை எவ்வளவு மூடுவது என்று கேட்ட தங்கைக்கு: எதை அடைக்கிறாய் என்று தெரிந்து அடை. அடைத்தால், நான்தான் அடைத்தேன் என்று சொல்லத் துணிவு இருக்க வேண்டும். மிஷின் மேல் போடாதே.

அன்றைக்குப் பந்தி ஓய்ந்த பிறகு நான் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். செல்வி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது. உதட்டில் மட்டும் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று. கேட்கக் கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டேன்.

"டியூப எடுத்த பெறவு அப்பா என்னமோ சொன்னாரே, என்னட்டி அது?"

அவள் தன் வெறும் காதைத் தொட்டுக்காட்டினாள்.

"காது ஏன்ட்டி மூளியா இருக்கு, பாக்கச் சகிக்கலன்னு சொன்னாரு. இத்தன வருசங் கழிச்சு, ஏறுன உடனேயே வையுதாரு, எஸ்தரக்கா."

சொல்லிவிட்டு அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள்.